எழுத்து மையங்களில் போதனை நெறி: திருத்துவதா, வழிகாட்டுவதா?

மாணாக்கர் ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் படித்துப் பார்த்து, குறை கண்ட இடங்களிலெல்லாம் தாமே பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்துவிடுவது உபகாரமா, அபகாரமா என்னும் வினா பள்ளிக்கூடம் உள்ள இடங்களிலெல்லாம் எழக்கூடியதே. ஆயினும், அவ்வினாவையே ஒரு தனித்துறையின் ஆதாரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, பத்திரிகைகளிலும் மாநாடுகளிலும் அரை நூற்றாண்டுக் காலம் வாதப் பிரதிவாதம் நடத்தி, அதற்கென ஒரு போதனை நெறியை வகுத்தும், வகுத்த நெறியைப் பின்பு தாமே மறுத்தும் வந்திருப்பவர்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘எழுத்து மையம்’ என வழங்கும் ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்களே ஆவர்.

அம்மையத்தின் அமைப்பு எளியது. மாணாக்கர் தாம் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையின் நகலுடன், முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு வருவார். பயிற்றுநர் ஒருவர், பெரும்பாலும் அதே கல்லூரியில் படிக்கும் மற்றொரு மாணாக்கர், அவருடன் அரை மணியோ ஒரு மணியோ அமர்ந்து அந்நகலைப் பற்றிப் பேசுவார். வழக்கமாக இதற்குக் கட்டணம் கிடையாது. மதிப்பெண் இடும் அதிகாரமும் பயிற்றுநருக்குக் கிடையாது. இவ்வளவு எளிய சந்திப்பில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது பற்றி எழுந்த கொள்கைகளையும், அவற்றுக்கு எழுந்த ஆட்சேபங்களையும், இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தபின் எஞ்சி நிற்கும் நெறி யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் சூழலும்

எழுத்தைச் சொற்பொழிவால் அன்றி, ஆசிரியர் அருகிருக்க மாணாக்கர் எழுதிப் பார்க்கும் ஆய்வுக்கூட முறையால் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் அந்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே முளைத்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் காரி ஸ்டான்லி என்னும் ஆசிரியையின் பொறுப்பில் 1934-இல் ஏற்பட்ட எழுத்துக்கூடம் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும், அக்காலத்துக் கூடங்கள் பல, பரீட்சையில் பின்தங்கியவர்களை அனுப்பிவைக்கும் இடங்களாகவே மதிக்கப்பட்டன. அங்கே செல்வது மாணாக்கருக்கு ஒரு தாழ்வாகவும் பட்டது.

நிலைமை மாறியது 1970-க்குப் பின்னரே. அவ்வாண்டில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவருக்கும் இடமளிக்கத் தொடங்கியது. அதுவரை கல்லூரி வாசலை மிதித்திராத குடும்பங்களின் பிள்ளைகள், ஏழைகளும் கறுப்பினத்தவரும் குடியேறியவர்களின் மக்களுமாக ஆயிரக்கணக்கில் வகுப்பறைகளை நிரப்பினர். அவர்கள் எழுதியதைக் கண்ட பேராசிரியர் பலர் திகைத்துப்போயினர். சிட்டி கல்லூரியின் மினா ஷாக்னஸி அம்மையார், 1970 முதல் 1974 வரை அம்மாணாக்கர் எழுதிய ஏறத்தாழ 4000 நுழைவுக் கட்டுரைகளை ஆராய்ந்து, 1977-இல் வெளியிட்ட தம் நூலில், அவர்களுடைய பிழைகள் அறிவீனத்தாலோ அசிரத்தையாலோ நேர்ந்தவை அல்ல என்றும், ஒவ்வொரு பிழைக்குப் பின்னும் ஒரு நியாயம், ஒரு தர்க்கம் இருக்கிறது என்றும் நிறுவினார். பிழையைக் கண்டதும் அடிக்கோடிடுவதற்கு முன், அது ஏன் நேர்ந்தது என்று கேட்கவேண்டும் என்னும் பழக்கம் எழுத்து மையங்களில் வேரூன்றியதற்கு இந்நூல் ஒரு முக்கிய காரணம்.

அதே பல்கலைக்கழகத்தின் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி வேறொரு விஷயத்தைக் கவனித்தார். ஆசிரியர்கள் எவ்வளவு அன்புடன் உதவ முன்வந்தாலும் மாணாக்கர் அவ்வுதவியை நாடவில்லை. காரணம், அது வகுப்பறையின் நீட்சியாகவே அவர்களுக்குத் தோன்றியது. ஆகவே, மாணாக்கருக்கு மாணாக்கரே துணையாகும் முறையை அவர் வளர்த்தார். மனிதனின் சிந்தனை என்பது பிறரோடு நிகழ்த்திய சம்பாஷணை உள்ளே சென்று படிந்த வடிவமே என்றும், எழுத்து என்பது அச்சிந்தனை மீண்டும் வெளிவந்த வடிவம் என்றும் 1984-இல் வெளியான தம் கட்டுரையில் அவர் தத்துவ ரீதியான ஆதாரமும் அளித்தார். எழுத்தைப் பற்றிப் பேசுவது எழுதுவதற்குப் புறம்பான காரியம் அன்று, எழுதுவதன் ஓர் அங்கமே என்னும் கொள்கை இங்கிருந்தே வலுப்பெற்றது.

இவற்றுக்கிடையே பர்டூ பல்கலைக்கழகத்தில் 1976-இல் தொடங்கிய எழுத்துக்கூடத்தின் தலைவியான மியூரியல் ஹாரிஸ், மறு ஆண்டே நாடெங்குமுள்ள கூடங்களுக்கு ஒரு செய்தியிதழ் நடத்தலானார். 1980-இல் இத்துறைக்கென ஆய்விதழ் ஒன்றும் தோன்றியது. தனித்தனியே இயங்கிய அறைகள் இவ்வாறு ஒரு துறையாகத் திரண்டன.

மூலக்கொள்கை

அத்துறைக்குக் கொள்கை வடிவம் தந்தவர் ஸ்டீபன் நார்த். 1984-இல் அவர் எழுதிய கட்டுரை கோபத்தில் பிறந்தது என்றே சொல்லலாம். இலக்கணப் பிழைகளைப் பழுதுபார்க்கும் பட்டறையாகவே எழுத்து மையத்தைக் கருதி, “இவனை அனுப்புகிறேன், சரிசெய்து அனுப்புங்கள்” என்னும் தோரணையில் நடந்துகொண்ட சக பேராசிரியர்களை நோக்கி, மையத்தின் வேலை கட்டுரையைச் செப்பனிடுவது அன்று, எழுதுகிறவரை வளர்ப்பதே என்று அவர் வாதிட்டார். ஒரு கட்டுரை இன்று சிறப்பாக அமைந்துவிடுவதால் பெரும் பயன் இல்லை. அதை எழுதியவர் அடுத்த கட்டுரையைத் துணையின்றி எழுதும் வல்லமை பெற்றாரா என்பதே கேள்வி. இத்துறையில் இதைவிட அதிகமாக எடுத்தாளப்பட்ட கருத்து வேறொன்று இல்லை.

இக்கொள்கையிலிருந்து நடைமுறை விதிகள் பல கிளைத்தன. அவற்றுள் முதலாவது வரிசை பற்றியது. தாமஸ் ரீக்ஸ்டாட், டொனால்ட் மக்ஆண்ட்ரூ என்னும் இருவர் 1984-இல் வகுத்தபடி, கட்டுரையின் மையக் கருத்து, தொனி, அமைப்பு, கருத்தை விரித்துரைக்கும் திறம் ஆகியவை மேல்நிலை விஷயங்கள்; வாக்கிய அமைப்பு, நிறுத்தக்குறி, சொல்லாட்சி, எழுத்துப்பிழை ஆகியவை கீழ்நிலை விஷயங்கள். மேல்நிலை விஷயங்களைக் கவனித்த பின்னரே கீழ்நிலைக்கு இறங்கவேண்டும். நாளை நீக்கப்படவிருக்கும் பத்தியில் இன்று காற்புள்ளி திருத்துவது வீண் வேலை அல்லவா?

இரண்டாவது விதி, கேட்பது. பயிற்றுநர் நகலைத் தொடுவதற்கு முன், ஆசிரியர் கொடுத்த பணி யாது, சமர்ப்பிக்கவேண்டிய நாள் எது, இன்று எதைப் பற்றிப் பேச விரும்புகிறார் என்பவற்றை மாணாக்கரிடம் விசாரிப்பார். பிறகு மாணாக்கரே தம் கட்டுரையை வாய்விட்டுப் படிப்பார். கண்ணுக்குப் புலப்படாத இடறல்கள் காதுக்குப் புலப்படும். படிப்பவர் தயங்கும் இடமும், எழுதாத சொல்லைத் தம்மையறியாமல் சேர்த்துப் படிக்கும் இடமும் பயிற்றுநருக்கு அரிய குறிப்புகளாகும்.

இம்முறை செயற்படுமாற்றை ஓர் உதாரணத்தால் காட்டலாம். சரித்திர வகுப்பு மாணாக்கர் ஒருவர், 1825-இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயைப் பற்றி ஐந்து பக்கங்கள் எழுதி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று பக்கங்களில் கால்வாயை வெட்டத் தூண்டியவர் யார், எத்தனை ஆண்டு வெட்டினார்கள் என்னும் விவரங்களே நிறைந்துள்ளன. “மிக நீளம், முகவுரையைக் குறையுங்கள்” என்று சொல்லிவிடலாம். பயிற்றுநர் அவ்வாறு சொல்வதில்லை. “இதைப் படித்து முடிப்பவர் எதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்கிறார். மாணாக்கர் சற்று யோசித்து, “கால்வாயால் சரக்குக் கூலி குறைந்தது, அதனால்தான் நியூயார்க் மற்றத் துறைமுகங்களை முந்தியது” என்கிறார். “இப்போது சொன்னீர்களே, அது கட்டுரையில் எங்கே இருக்கிறது?” மாணாக்கரின் விரல் பக்கம் பக்கமாக இறங்கி, கடைசிப் பத்தியின் நடுவில் போய் நிற்கிறது. அதன்பின் பயிற்றுநர் அதிகம் பேசவேண்டியதில்லை. அவ்வாக்கியம் முன்னே வரவேண்டும் என்பதும், முன்னே வந்தால் முதல் மூன்று பக்கங்களில் எது நிற்கும், எது போகும் என்பதும் மாணாக்கருக்கே தெரிந்துவிடுகின்றன. எழுதி முடிக்கும்போதுதான் தம் கருத்து இன்னதென்று எழுதுகிறவர்களுக்குத் தெளிவாகிறது என்பதால், மையக் கருத்து இறுதிப் பத்தியில் ஒளிந்திருப்பது மிகச் சாதாரணமான நிகழ்ச்சி.

குறைந்த தலையீட்டுச் சித்தாந்தம்

கேட்டுத் தெளியவைக்கும் இம்முறை, 1991-இல் ஜெஃப் புரூக்ஸ் எழுதிய சிறு கட்டுரையில் அதன் எல்லைக்கே கொண்டுசெல்லப்பட்டது. உழைப்பு முழுவதும் மாணாக்கருடையதாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. எதிரே அமராமல் பக்கத்தில் அமர்க. நகல் உங்களைவிட மாணாக்கருக்கு அருகில் இருக்கட்டும். படிப்பவர் அவராகவே இருக்கட்டும் என உட்காரும் நிலைவரையில் அவர் விதி வகுத்தார். திருத்தித் தருவார் என்ற எதிர்பார்ப்போடு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் மாணாக்கரைக் கண்டால், பயிற்றுநரும் அவ்வாறே பின்னுக்குச் சாய்ந்துகொள்ளலாம் என்றும் உபாயம் சொன்னார். பயிற்றுநர்களுக்கான பயிற்சிகளில் இக்கட்டுரை பல்லாண்டுக் காலம் பாடமாக ஓதப்பட்டது.

இச்சித்தாந்தம் இவ்வளவு விரைவில் வேதவாக்கானதற்குக் கல்வி சம்பந்தமான காரணங்கள் மட்டும் போதா. மையங்களுக்கு இரண்டு அச்சங்கள் இருந்தன. பிறர் எழுதிக் கொடுத்ததை மாணாக்கர் தம்முடையதாகச் சமர்ப்பிக்கிறார் என்னும் பழி தங்கள்மேல் விழுமோ என்பது ஒன்று. எழுத்துப்பிழை திருத்தும் கூலிக்காரர் என்னும் இழிபெயர் நிலைத்துவிடுமோ என்பது மற்றொன்று. பேனாவைத் தொடாத பயிற்றுநர்மேல் எக்குற்றத்தையும் சுமத்த இயலாது. ஆக, மாணாக்கரின் நலத்துக்காக ஏற்பட்டவை எனக் கூறப்பட்ட விதிகளுள் சில ஸ்தாபனத்தின் பாதுகாப்புக்காகவும் பயன்பட்டன.

ஆட்சேபங்கள்

மறுப்பு துறைக்குள்ளிருந்தே எழுந்தது. ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்ட் 1991-இலேயே, அறிவு எங்கோ சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதை எடுத்து வழங்குவதே மையத்தின் பணி என்னும் எண்ணத்தையும், அறிவு மாணாக்கரின் உள்ளேயே இருக்கிறது, அதை வெளிக்கொணர்ந்தால் போதும் என்னும் எண்ணத்தையும் ஒருங்கே மறுத்து, இருவர் கூடிப் பேசும்போது பிறப்பதே அறிவு என்றார். உள்ளே இருப்பதைக் கேள்வியால் வெளியே இழுக்கலாம் என்பது மெய்தான். உள்ளே இல்லாததை எத்தனை கேள்வி கேட்டாலும் இழுக்க முடியாதே!

1995-இல் லிண்டா ஷமூன், டெபோரா பர்ன்ஸ் என்னும் இருவர் இன்னும் துணிந்து பேசினர். மேற்படிப்புக் காலத்தில் ஆசிரியர் தங்கள் நகலை எடுத்து, வாக்கியங்களை மாற்றி எழுதிக் காட்டியபோதுதான் தாங்கள் எழுதக் கற்றோம் என்பதை அவர்கள் சுட்டினர். சங்கீத வித்துவான் மாணாக்கரின் வாசிப்பை நிறுத்தி, அதே இடத்தைத் தாமே வாசித்துக் காட்டி, மீண்டும் வாசிக்கச் சொல்லும் முறையையும் எடுத்துக்காட்டினர். பார்த்துச் செய்தலும் கல்வியே; அதைத் தீட்டென ஒதுக்குவது ஆராய்ச்சி முடிவன்று, ஆசாரம் மட்டுமே என்பது அவர்கள் வாதம்.

நான்சி கிரிம் 1999-இல் வெளியிட்ட நூலில் சமூக நியாயத்தை முன்வைத்தார். கல்லூரிக் கட்டுரைக்கென எழுதப்படாத விதிகள் பல உண்டு. படித்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் அவற்றை வீட்டிலேயே உறிஞ்சிக்கொண்டு வருகிறார்கள். ஏனையோருக்கு அவற்றை வெளிப்படையாகச் சொல்லாமல், “நீங்களே கண்டுபிடியுங்கள்” என்று புன்னகையுடன் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது, நல்லெண்ணத்தின் பேரால் இழைக்கப்படும் அநீதியாகிவிடக்கூடும். பீட்டர் கரீனோ 2003-இல், சமமானவர்கள் என்று சொல்லிக்கொள்வதால் பயிற்றுநருக்கும் மாணாக்கருக்கும் இடையேயுள்ள அதிகார வேற்றுமை மறைந்துவிடாது என்று கூறி, ஒரு நிதானமான அளவுகோலையும் தந்தார்: பயிற்றுநர் அதிகம் அறிந்து மாணாக்கர் குறைவாக அறிந்த இடத்தில் நேராகச் சொல்லலாம், மாணாக்கர் அதிகம் அறிந்த இடத்தில் கேட்டு ஒதுங்கலாம். நார்த்தும் பத்தாண்டு கழித்துத் தம் பழைய கட்டுரையை மறுபரிசீலனை செய்து, மையத்துக்கு வருகிற மாணாக்கரெல்லாம் எழுத்தில் ஆர்வம் பொங்கி வருகிறவர்கள் எனத் தாம் சித்திரித்தது மிகை என ஒப்புக்கொண்டார்.

வேற்றுமொழி மாணாக்கர்

பழைய விதிகளுக்குக் கடும் சோதனையாக அமைந்தவர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணாக்கர்களே. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்படிப்புக்குச் செல்வோரும் இவர்களுள் அடங்குவர் என்பதால், இப்பகுதி நமக்கு நேரடியாகச் சம்பந்தமுடையது. வயோமிங் பல்கலைக்கழகத்தில் மையம் நடத்திய ஜூடித் பவர்ஸ் 1993-இல் எழுதிய கட்டுரையில், வாய்விட்டுப் படித்தல், கேள்வியால் தெளியவைத்தல் ஆகிய முறைகள் இவர்களிடம் பலிக்கவில்லை என்பதை விளக்கினார். அம்மொழியோடு பிறந்து வளராதவர் தம் வாக்கியத்தை எத்தனை முறை வாய்விட்டுப் படித்தாலும், பிழையான இடத்தில் காது உறுத்தாது. அந்நாட்டு வாசகர் கட்டுரையில் எதை எதிர்பார்ப்பார் என்பதும் அவருக்குத் தெரிய நியாயமில்லை. அங்கே பயிற்றுநர் அப்பண்பாட்டின் செய்திகளை எடுத்துரைப்பவராக இருக்கவேண்டும் என்றார் பவர்ஸ். ஹாரிஸும் டோனி சில்வாவும் அதே ஆண்டில், எல்லாப் பிழைகளையும் ஒருங்கே பிடிக்காமல், பொருளைக் கெடுக்கும் பிழைகளை முதலிலும், திரும்பத் திரும்ப வரும் பிழைகளை அடுத்தும் எடுத்துக்கொள்ளுமாறு ஆலோசனை கூறினர்.

சென்னையில் பொறியியல் முடித்துச் சென்ற ஒருவரின் ஆய்வறிக்கையை எடுத்துக்கொள்வோம். பன்மை ஏற்காத ஆங்கிலச் சொல்லை ‘எக்விப்மெண்ட்ஸ்’ என்று பன்மையில் எழுதியிருப்பார். ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்கள் வரவேண்டிய இடத்தில் வாரா, வேண்டாத இடத்தில் வந்து நிற்கும். அச்சொற்களுக்கு நிகரானவை தமிழில் இல்லாமையால், “இங்கே ஏதாவது குறைகிறதா?” என்ற கேள்வி அவரை இருட்டில் விட்டுவிடும். நல்ல பயிற்றுநர், வாசகருக்கு ஏற்கெனவே அறிமுகமான பொருளுக்கு ‘தி’, புதிதாக அறிமுகமாகும் பொருளுக்கு ‘எ’ என்னும் பொது விதியைச் சொல்லி, அந்நகலிலிருந்தே இரண்டு வாக்கியங்களைத் தாம் திருத்திக் காட்டுவார். மூன்றாவதை அவரைத் திருத்தச் சொல்வார். நான்காவதை அவரே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பார். முழு அறிக்கையையும் திருத்தித் தருவதில்லை. எதையும் சொல்லாமல் இருப்பதும் இல்லை. அண்மைக் காலத்தில் ஜோ மக்கிவிச், இசபெல் தாம்ஸன் ஆகியோர் தேர்ந்த பயிற்றுநர்களின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட நூலும், நேரடியாகச் சொல்லுதல், சிந்திக்கத் தூண்டுதல், ஊக்கமளித்தல் ஆகிய மூன்றையும் அவர்கள் கலந்தே கையாளுகிறார்கள் என்று காட்டுகிறது.

ஒழுக்க வரம்புகள்

போதனை முறையில் இவ்வளவு கருத்து வேற்றுமை இருந்தும், ஒழுக்க வரம்புகளில் ஏறக்குறைய ஒருமைப்பாடே நிலவுகிறது. மாணாக்கரின் கட்டுரைக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று பயிற்றுநர் ஊகித்துச் சொல்லலாகாது. பணியைக் கொடுத்த பேராசிரியரையோ, அவர் இட்ட மதிப்பெண்ணையோ மாணாக்கர் முன்னிலையில் விமரிசிக்கலாகாது. மாணாக்கரின் அபிப்பிராயம் பயிற்றுநருக்குப் பிடிக்காததாக இருப்பினும், அதனை மாற்ற முயலாமல், எதிர்க்கட்சியினர் எவ்வாறு மறுப்பர் என்பதை மட்டும் எடுத்துக்காட்டலாம். அங்கே பேசப்பட்டவற்றை வெளியில் பரப்பலாகாது. கட்டுரையில் மாணாக்கர் சொல்லாத கருத்தைப் புகுத்தலாகாது. சந்திப்பு முடியும்போது, அடுத்துச் செய்யவேண்டிய இரண்டொரு காரியங்களை மாணாக்கரே தம் வாயால் சொல்லி, தம் கையால் குறித்துக்கொண்டு செல்லவேண்டும். பத்துக் குறைகளைக் கேட்டு மனம் சோர்ந்து போகிறவரைவிட, இரண்டு குறைகளைக் களைவதற்கு வழியறிந்து போகிறவரே மறுபடி வருவார்.

தீர்ப்பு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், சொல்வதா கேட்பதா என்னும் விவாதமே வினாவைத் தவறான இடத்தில் வைத்ததன் விளைவு என்பது விளங்கும். கேட்பதும், சொல்வதும், எழுதிக் காட்டுவதும் உபாயங்களே. கட்டுரையின் உரிமை மாணாக்கருடையது. அடுத்த கட்டுரைக்குப் பயன்படும் ஏதாவது ஒன்று இன்று அவர் கைக்கு வந்துசேர வேண்டும். இவ்விரண்டே மாறாத நெறிகள். எவ்வளவு சொல்வது என்பது எதிரே இருப்பவர் யார், அவர் எதை அறிவார் என்பதைப் பொறுத்தது. இவ்விரண்டு நெறிகளுக்கும் இணங்கிய எந்த உபாயமும் நல்லதே. இணங்காத உபாயம், கேள்வி வடிவில் வந்தாலும், திருத்த வடிவில் வந்தாலும் தீயதே.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், நகலைச் சில நொடிகளில் திருத்தித் தரும் இயந்திரம் ஒவ்வொரு மாணாக்கர் கையிலும் இருக்கிறது. நார்த் வெறுத்த பட்டறை வேலையை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும். எழுதியவரை வளர்க்கும் வேலையோ, அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, “அது கட்டுரையில் எங்கே இருக்கிறது?” என்று வினவும் ஒரு மனிதரிடமே எஞ்சி நிற்கிறது. மையங்களின் பயன் குன்றிவிடும் என்று கூறுவோர், அவற்றின் பயன் திருத்தம் என்றே இன்னமும் நினைப்பவர்கள்.

அந்நாட்டுக்குப் படிக்கச் செல்லும் நம் மாணாக்கர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்து மையத்துக்குப் போவது பின்தங்கியவர் செய்யும் காரியம் என்று எண்ணித் தயங்கவேண்டா. கட்டுரை முழுவதும் முடிந்தபின் இலக்கணம் பார்த்துத் தரச்சொல்லி, சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல் நாள் ஓடாதீர்கள். பாதி எழுதிய நகலோடு, குழப்பம் தீராத நிலையிலேயே, ஒரு வாரம் முன்னதாகச் செல்லுங்கள். இன்ன இடத்தில் எனக்கு நேரடியான விளக்கம் வேண்டும் என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்பவருக்குச் சொல்லவேண்டும் என்பதை அம்மையங்கள் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டன.